மின்ட் பக்கத்து டிராமா துணிக் கடை: எங்கள் மில் நாடகத்துக்கு உடை எடுத்த அனுபவம்

நாடகம் போடுகிறவர்கள், ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற டீச்சர்கள், கையில் காசில்லாமல் குறும்படம் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வட சென்னையில் உடை வாடகைக்கு வேண்டுமென்றால் கோடம்பாக்கம் வரை அலைய வேண்டாம், மின்ட் பக்கம் ஒரு கடை இருக்கிறது. குறைகளும் இருக்கின்றன, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் மூன்று வாரம் அந்த மாடிக்கு ஏறி இறங்கிய பிறகு, இந்தக் கடை மூடிப்போனால் எங்களைப் போன்ற குழுக்களுக்கு ஒரு கை போனது மாதிரி ஆகிவிடும் என்ற பயம் வந்துவிட்டது. அந்தப் பயம்தான் எழுத வைக்கிறது.

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. பெயர் போட வேண்டாம் என்று அவர்களும் கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. வள்ளலார் நகர் பஸ் நிலையத்தில் இறங்கி, மணிக்கூண்டு பக்கம் பூ விற்கும் அம்மாக்களிடம் "டிராமா துணி கடை" என்று கேட்டால் கை காட்டுவார்கள். மெட்ரோவில் வருகிறவர்கள் வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். கீழே பாத்திரக் கடை, அதன் பக்கவாட்டில் ஒரு குறுகலான படி, மேலே போனால் கடை. பைக் நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம் போகும், பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள்.

நாங்கள் பதினான்கு பேர். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி ஆட்கள். கல்லூரிப் பிள்ளைகள் எட்டு பேர், வேலைக்குப் போகிறவர்கள் நான்கு பேர், அறுபது தாண்டிய இரண்டு அம்மாக்கள். இந்த ஏப்ரலில் பி அண்ட் சி மில் பற்றி ஒரு நாடகம் போட்டோம். பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் என்று இரண்டாக இருந்து 1920இல் ஒன்றான அந்த மில்லைத்தான் பின்னி மில் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று புத்தகங்களில் படிப்போமே, அது எங்கள் தெருக்களில் நடந்த விஷயம். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள் போட்ட விதை, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. பக்கபலம். அப்புறம் 1921இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, தொழிலாளர்களுக்குள்ளேயே சாதி பிளந்து புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தது, கடைசியில் சங்கம் தோற்றது. தோற்ற கதையைத்தான் நாங்கள் எடுத்தோம். எதிரெதிர்ப் பக்கம் நின்ற இரண்டு குடும்பங்கள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான் மேடை.

கதை, பாட்டு, ஒத்திகை எல்லாம் ஓடிவிட்டது. உடைதான் சிக்கல். 1921 ஆட்கள் என்ன உடுத்தினார்கள், அதை எங்கே வாங்குவது, எந்தக் காசில் வாங்குவது?

முதலில் போனது இங்கே இல்லை. சினிமாவுக்கு உடை கொடுக்கிற ஒரு பெரிய இடத்துக்குப் போனோம், பெயர் வேண்டாம். ஏசி ஹால், வரிசையாக ராணுவ உடை, ராஜா உடை, கண்ணைப் பறிக்கும். கவுண்டரில் இருந்தவர் எந்த ஏரியா என்று கேட்டார். புளியந்தோப்பு என்றதும் டெபாசிட் இரட்டிப்பு என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கம் போன சாமான் திரும்பி வராது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எங்களோடு வந்த பி.காம் இரண்டாம் வருடப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை, படி இறங்கி வந்து கீழே டீக்கடையில்தான் அழுதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நாங்கள் எழுதியிருந்த நாடகத்திலேயே அந்த வசனத்துக்குப் பக்கத்தில் நிற்கிற வசனம் ஒன்று இருக்கிறது, நூறு வருடத்துக்கு முந்தைய காட்சியில்.

சரி, மின்ட் கடைக்கு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது வாசனை. ரசகற்பூர உருண்டை, பழைய சரிகை, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பருத்தி, இதெல்லாம் கலந்த ஒன்று. மேலே பரணில் வரிசையாகக் கிரீடங்கள், பிளாஸ்டிக்கிலும் இருக்கின்றன, மரத்திலும் இருக்கின்றன. மரத்தில் செய்தது கூத்துக்காரர்களுக்கு. கல்யாண முருங்கை மரம் எடை குறைவு என்பதால் அதில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டிய, தோளிலும் மார்பிலும் கட்டும் புஜக்கட்டை, மார்க்கட்டை எல்லாம் ஒரு மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். கட்டைக்கூத்து என்ற பெயரே இந்தக் கட்டைகளால் வந்ததுதான். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது இது கையில் தங்காதாம், மற்ற மாதங்களில் அசையாமல் கிடக்குமாம்.

கடையை நடத்துவது ஒரு அக்கா. ஆனால் கடையின் மூளை அவருடைய அப்பா. எழுபத்தைந்து வயது தாண்டியிருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். இளம் வயதில் புராண நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகப் போய்த் துணிப்பெட்டி பார்த்தவர். நாங்கள் போனதும் வாடகை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, "இன்னா நாடகம்?" என்றுதான் கேட்டார். பின்னி மில் என்றோம். மெஷினை நிறுத்தினார். அவருடைய அண்ணன் அங்கே நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவராம், 1996இல் மில் மூடும் வரைக்கும்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது ஒரு பாடம்.

போலீஸ் உடை கேட்டோம். சிவப்புத் தலைப்பாகை, காக்கி அரை டவுசர், காலில் சுற்றும் பட்டி, ஆறு செட். தலைப்பாகைக்கு நாங்கள் சாட்டின் துணி போதும் என்று நினைத்திருந்தோம். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. டியூப் லைட்டுக்குக் கீழே சாட்டினையும் பருத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சாட்டின் மின்னியது. "போலீஸ் வந்தா ஜனங்க பயப்படணும், இதைப் பாத்தா கல்யாண ஊர்வலம்னு நெனச்சிக்கும்" என்றார். பாலியெஸ்டர் விஷயத்திலும் அப்படித்தான், மேடை லைட் பட்டால் எந்தத் துணி காட்டிக்கொடுக்கும், எது அடங்கி நிற்கும் என்பதை விரல் நுனியிலேயே தெரிந்து வைத்திருக்கிறார். எல்இடி லைட் வந்த பிறகு நிறங்கள் மாறிவிட்டன, பழைய மஞ்சள் பல்பில் பழுப்பாகத் தெரிந்த துணி இப்போது சாம்பலாகத் தெரிகிறது, அதனால் எங்கள் லைட் எது என்று கேட்டுவிட்டுத்தான் துணியை எடுத்தார். இத்தனை வருடம் நாடகம் போடுகிறோம், லைட்டைக் கேட்டுத் துணி எடுக்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

அப்புறம் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு டவுசரை எடுத்தார். கெட்டியான காக்கி, தொட்டால் முரடாக இருக்கிறது, நிறம் மட்டும் கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. உள்பக்கம் துணியின் ஓரத்தில் மங்கலாக ஒரு முத்திரை, பாதி எழுத்து அழிந்திருந்தது. பின்னி காக்கி. அந்தக் காலத்தில் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் காக்கி நெய்து அனுப்பிய மில் அது. அவருடைய அண்ணன் வாங்கிவந்த துணியில் இவரே தைத்ததாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் குழுவில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சுட வந்த போலீஸ்காரனின் காக்கியை அந்தத் தொழிலாளிகளே நெய்திருக்கலாம், இல்லையா? நாடகத்தில் இது எங்கேயும் இல்லை. அன்று ராத்திரியே ஒரு காட்சி புதிதாகச் சேர்த்தோம், வசனமே இல்லாமல். நெசவுக்காரன் ஒருவன் துணியை மடித்து அடுக்குகிறான், அதே துணியை எடுத்து இன்னொருவன் உடுத்திக்கொண்டு லத்தியோடு திரும்புகிறான். நாடகம் முடிந்து எல்லோரும் பேசியது அந்தக் காட்சியைப் பற்றித்தான். உடைக் கடையில் பிறந்த காட்சி அது, அதை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது.

தொழிலாளிகள் உடைதான் எனக்கு முக்கியம். இதில்தான் இந்தக் கடை மற்ற எல்லா இடங்களிலிருந்தும் தனியாக நிற்கிறது. ஏழை என்றால் கிழிசல், அழுக்கு, கரி பூசிய முகம் என்று ஒரு வழக்கம் நம் மேடையிலும் படத்திலும் இருக்கிறது. வட சென்னை ஆள் என்றால் இன்னும் மோசம், லுங்கியும் வெட்டுத் தழும்பும்தான். அக்கா சொன்னார், விளம்பரப் படம், வெப் சீரிஸ் என்று வருகிறவர்கள் "நார்த் மெட்ராஸ் லுக் வேணும்" என்று கேட்டுவிட்டு, எடுத்துக் காட்டினால் "இன்னும் அழுக்கா இருந்தா நல்லாருக்கும்" என்பார்களாம். அப்பா ஒரு முறை ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம், நல்ல வாடகை வரும் ஆர்டர். எங்களிடமும் அதையே வேறு விதமாகச் சொன்னார். மில்லுக்குப் போகிறவன் வேட்டி பழசாக இருக்கும், ஆனால் துவைத்திருக்கும், அவன் பெண்டாட்டி துவைக்காமல் அனுப்ப மாட்டாள். பழசு வேறு, அழுக்கு வேறு. பழசாக்குவது எப்படி என்றும் காட்டினார். வெள்ளைப் பருத்தி வேட்டியை டீத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காய வைப்பது, முட்டி வருகிற இடத்திலும் மடிப்பு வருகிற இடத்திலும் செங்கல் துண்டால் லேசாகத் தேய்ப்பது. நாம் எடுத்துக்கொண்டு போன புது வேட்டி, திரும்பி வரும்போது பத்து வருடம் வாழ்ந்த வேட்டி.

இன்னொன்று, தலைமுடியில் பஞ்சு. நூற்புப் பிரிவில் வேலை முடிந்து வருகிறவன் தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும், அண்ணன் வீட்டுக்கு வரும்போது குழந்தைகள் "தாத்தா ஆயிட்டாரு" என்று சிரிப்பார்களாம். எண்ணெய் தேய்த்த தலையில் பஞ்சைப் பிய்த்து ஊதிவிடச் சொன்னார். செலவு பத்து ரூபாய். முன்வரிசையில் இருந்த வயதான மனிதர் ஒருவர் அந்தப் பஞ்சைப் பார்த்துத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார், நாங்கள் மேடையிலிருந்தே பார்த்தோம்.

வேட்டியை இறுக்கிக் கட்டச் சொன்னதும் அவர்தான். மெஷின் பெல்ட் ஓடுகிற இடத்தில் துணி தொங்கினால் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் தொங்கும் துண்டு, தொங்கும் முந்தி எதுவும் கூடாது. இதைக் கேட்ட பிறகு பையன்கள் நடக்கிற விதமே மாறியது. இடுப்பில் துணி இறுகினால் முதுகு நிமிர்கிறது, கால் அகலமாக வைக்க வருகிறது. ஒத்திகையில் ஒரு மாதம் "தொழிலாளி மாதிரி நட" என்று கத்தியும் வராதது, சரியாகக் கட்டிய ஒரு வேட்டியில் வந்துவிட்டது.

பெண்களுக்குப் பின்கொசுவம் வைத்துக் கட்டும் புடவை. கடையில் நீளமான பருத்திப் புடவைகள் மொத்தமே ஏழுதான் இருந்தன, எங்களுக்கு ஐந்து போதும். கட்டத் தெரிந்தவர் அக்காவின் அம்மா, அவர் கீழ் வீட்டிலிருந்து ஏறி வந்து எங்கள் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

டோப்பாவும் ஒட்டு மீசையும் சுமார்தான், இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நைலான் முடி, தூரத்திலேயே தெரிந்துவிடும். மீசை ஒட்டும் ஸ்பிரிட் கம் இங்கே வாங்க வேண்டாம், பழைய பாட்டில், எங்கள் பையன் ஒருவனுக்கு மேலுதடு சிவந்துவிட்டது. மேக்கப் சாமான்களை நீங்களே கொண்டுபோங்கள். எங்களில் இருவர் நிஜமாகவே மீசை வளர்த்துக்கொண்டார்கள், அது உத்தமம்.

வாடகை விவரம், எங்களுக்குக் கொடுத்தபடி: போலீஸ் செட் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய், பருத்திப் புடவை 120, வேட்டி துண்டு சேர்த்து 80, திரு.வி.க. பாத்திரத்துக்கு வெள்ளை வேட்டி, சட்டை, துண்டு 100, வெள்ளைக்கார அதிகாரியின் கோட்டும் தொப்பியும் 400. மூன்று நாள் எடுத்தால் இரண்டு நாள் காசு. மொத்த டெபாசிட் 3,000, அதுவும் ஏரியா கேட்டு நிர்ணயித்தது இல்லை, எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஜிபே வாங்குகிறார்கள். பில் கேட்டால் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கிழித்துத் தருவார்கள், நிறுவனக் கணக்கில் காட்ட வேண்டியவர்களுக்கு இது தலைவலி.

குறைகளுக்கு வருகிறேன், இவை சின்னக் குறைகள் இல்லை.

உடை மாற்றிப் பார்க்கத் தனி இடம் கிடையாது. பரணுக்குக் கீழே ஒரு திரைச்சீலை, அது முழுதாக மூடாது. எங்கள் பெண்கள் நான்கு பேர் உள்ளே போகவே தயங்கினார்கள், ஒருத்தி வெளியே காவல் நிற்க, ஒவ்வொருத்தியாகப் போட்டுப் பார்த்தார்கள். நாடகத் துறையில் பெண்களுக்கு மாற்றும் இடமும் கழிப்பறையும் எப்போதும் கடைசியில்தான் ஞாபகம் வருகிறது, பெரிய ஹால்களிலேயே அப்படித்தான். ஆனால் ஒரு பெண் நடத்தும் கடையில் இதைப் பார்த்தது வருத்தமாக இருந்தது. அக்காவிடம் நேராகவே சொன்னேன். பிளைவுட் தடுப்பு போடுவதாகச் சொன்னார், நாங்கள் திருப்பிக் கொடுக்கப் போகும் வரை போடவில்லை. படியும் செங்குத்து. எங்கள் அம்மாக்கள் இருவராலும் ஏற முடியவில்லை, தெருவில் நின்றபடியே அளவு கொடுத்தார்கள்.

நேரம் தவறினார்கள். வெள்ளிக்கிழமை மாலை தருவதாகச் சொன்ன மூட்டை, சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குத்தான் வந்தது. நாடகம் ஆறு மணிக்கு. இரண்டு டவுசருக்கு இடுப்பில் ஊக்கு குத்தித்தான் ஏற்றினோம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை போனையும் எடுக்க மாட்டார்கள். சிறு பிள்ளைகள் அளவும் குறைவு, பத்து வயதுக்குக் கீழே என்றால் கிருஷ்ணர், பாரதியார், நேரு இந்த மூன்றுதான் இருக்கிறது.

ஏன் தாமதம் என்று கேட்டபோதுதான் கடையின் நிலைமை தெரிந்தது. முன்பு நான்கு தையல்காரர்கள் இருந்தார்களாம், 2020 ஊரடங்கில் பள்ளி, கோயில், மேடை எல்லாம் நின்று போக, மூன்று பேர் வேறு வேலைக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. இப்போது பெரியவரும் அரை நாள் வரும் ஒரு பெண்ணும்தான். ஆண்டு விழா சீசன் ஓரளவு கை கொடுக்கும், அதையும் ஆன்லைனில் வரும் மெல்லிய பாலியெஸ்டர் செட்டுகள் சாப்பிட்டுவிட்டன, வாடகைக் காசிலேயே புதிதாகக் கிடைக்கும்போது அம்மாக்கள் ஏன் இங்கே ஏறி வரப்போகிறார்கள்? இப்போது அதிகம் போவது கைக்குழந்தை போட்டோ எடுக்கும் கிருஷ்ணர் உடையும், ரீல்ஸ் எடுக்கிறவர்களுக்கு ராணி உடையும். இரண்டு வருடம் முன்னால் யூடியூபுக்குப் புராணக் கதை எடுத்துக்கொண்டிருந்த ஒரு குழு மாதா மாதம் வந்துகொண்டிருந்ததாம். இப்போது அவர்கள் ஆளும் வைப்பதில்லை, உடையும் எடுப்பதில்லை, எல்லாவற்றையும் ஏஐயில் செய்துவிடுகிறார்கள். அக்கா அதைக் குறை சொல்லிச் சொல்லவில்லை, கணக்குப் போல வரிசையாகச் சொன்னார். எனக்குத்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஒரு ஏஐ படத்தில் வரும் கிரீடம் எவ்வளவு மின்னினாலும், அதன் எடை எந்தக் கழுத்திலும் இறங்கப் போவதில்லை. அந்த எடையில்தான் நடிகனுக்கு ராஜாவின் நடை வருகிறது என்பதை இந்த மாடியில் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்னொரு பக்கம் நாடகம் போடுகிற எங்களுடைய நிலைமை. சென்னையில் நாடகம் என்றால் தி.நகர், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, மிஞ்சினால் எழும்பூர் மியூசியம் தியேட்டர். எங்கள் பக்கம் எஸ்பிளனேடில் தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கிறது, பெரிய இடம், ஆனால் பதினான்கு பேர் கைக்காசில் போடும் நாடகத்துக்கு அது எட்டாது. சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹாலைப் பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபா நாடகம் நடத்திய மேடை அது, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். பல வருடம் பூட்டிக் கிடந்ததை மாநகராட்சி பெரும் செலவு செய்து சீர்படுத்தியது. அப்படிப்பட்ட இடங்களில் மாதத்துக்கு ஒரு நாளாவது வட சென்னைக் குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை, இந்த விமர்சனத்துக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரிந்தாலும் சம்பந்தம் இருக்கிறது. மேடை இருந்தால்தான் நாடகம், நாடகம் இருந்தால்தான் இந்தக் கடை.

அனுமதி விஷயமும் அப்படியே. முன்பெல்லாம் நாடக ஸ்கிரிப்டைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், 1954ஆம் ஆண்டுச் சட்டம் அது, வெள்ளைக்காரன் 1876இல் கொண்டுவந்த சட்டத்தின் வாரிசு. 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டுப் போராடி, 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. ஸ்கிரிப்ட் தொல்லை போனது. மைக் வைக்க, தெருவில் கூட்டம் கூட அனுமதி வாங்கும் அலைச்சல் போகவில்லை. நாங்கள் கடைசியில் ஒரு விளையாட்டு மைதானத்தின் மூலையில் மைக் இல்லாமலே போட்டோம். இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள், கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தார்கள்.

மைக் இல்லாத மேடையில் உடைக்கு இரட்டை வேலை. பின்வரிசைக்கு வசனம் பாதிதான் போய்ச் சேரும், யார் எந்தப் பக்கம் என்பதைத் துணிதான் சொல்ல வேண்டும். இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே மாதிரிப் புடவை, ஒரே மாதிரி வேட்டி கொடுங்கள் என்று பெரியவர் பிடிவாதமாகச் சொன்னதை நாங்கள் முதலில் ஏற்கவில்லை. நிறத்தில் பிரித்துக் காட்டினால்தானே சனங்களுக்குப் புரியும் என்று வாதாடினோம். "ஒரே கடையில கடன் வாங்கி ஒரே துணி கட்டினவங்கதான் அடிச்சிக்கினாங்க, அதை நீங்க மறைக்காதீங்க" என்றார். அவர் சொன்னபடியே செய்தோம். குடிசை எரியும் காட்சியில் யார் வீட்டு அம்மா அழுகிறாள் என்று தெரியாமல் கூட்டம் திகைத்தது. அந்தத் திகைப்பை எங்களால் வசனத்தில் எழுதியிருக்க முடியாது.

நாடகத்தில் நடித்த எங்கள் அம்மாக்களில் ஒருவருடைய வீட்டுக்காரர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு உள்ளே சினிமா செட் போட்டுச் சண்டைக் காட்சிகள் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், வேடிக்கை பார்க்கக்கூட அவர் அந்தப் பக்கம் போனதில்லையாம். இப்போது அங்கே அடுக்குமாடி வந்துவிட்டது. நாடகம் முடிந்த மறுநாள் எல்லா உடைகளையும் மூட்டை கட்டும்போது, அந்த அம்மா அந்தப் பழைய காக்கி டவுசரை மட்டும் எங்களிடம் தராமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து, கையால் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்கா மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஒரு பட்டன் காணோம், நாற்பது ரூபாய் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் தாமதத்துக்குக் காசு பிடிப்பார் என்று நினைத்தோம், பிடிக்கவில்லை, தாங்களும் தாமதமாகத்தானே கொடுத்தோம் என்றார். மீதி 2,960 கைக்கு வந்தது. பெரியவர் செய்தித்தாளைப் பிரித்து டவுசரை எடுத்து, மடிப்பைத் தடவிப் பார்த்தார். யார் துவைத்தது என்று கேட்டார், சொன்னோம். வீட்டுக்காரர் எந்தப் பிரிவு என்று கேட்டார், எங்களுக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்வதாகச் சொன்னோம். அதை மற்ற ஐந்தோடு அடுக்காமல், திரும்பவும் செய்தித்தாளிலேயே சுற்றிப் பீரோவில் வைத்தார். "இதை இனிமே வாடகைக்கு விடறதில்ல, நீங்க இந்த நாடகம் போடும்போது வந்து எடுத்துக்கினு போங்க" என்றார்.

அதனால் அந்த ஒன்றைக் கேட்டுப் போகாதீர்கள். மற்ற ஐந்தும் கிடைக்கும், இடுப்பு 32லிருந்து 38 வரை. ஆகஸ்ட் 15க்கு வேண்டுமென்றால் ஜூலை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள், முன்பணம் கொடுத்து நோட்டில் தேதி எழுதியதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை.